வயதான ஆடு முடியாமல் போனால்: அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது, என்ன செய்வது

ஆடு வளர்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் குட்டியில் தொடங்கி, எடை ஏற்றி, விற்பனையோடு முடிந்துவிடும். பத்து வயது தாண்டிய ஆட்டைப் பற்றி அவற்றில் தேடினால் எதுவும் கிடைக்காது. அந்த வயதுவரை வைத்திருப்பவர்கள் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டி, விற்க மனம் வராமல் வீட்டோடு நின்றுபோன பெட்டை, காயடித்துச் செல்லமாக வைத்துக்கொண்ட கிடா என்று ஒவ்வோர் ஊரிலும் ஒன்றிரண்டாவது இருக்கும். நாட்டு வெள்ளாடு நல்ல கவனிப்பில் 10, 12 வயது வரை இருக்கும்; 15 வயதைத் தொடுவதும் உண்டு. அது ஒரு நாள் படுத்துவிட்டால் அக்கம்பக்கத்தில் வரும் யோசனை ஒன்றுதான்: "வயசாயிடுச்சு, கறிக்காரரைக் கூப்பிட்டு விட்டுருங்க." அப்படி விட முடியாது என்று முடிவு செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது என்பது நோயின் பெயர் கிடையாது. "வயசாயிடுச்சு" என்று தள்ளிவிடும் ஆட்டை உட்கார்ந்து பார்த்தால் பல், குடற்புழு, குளம்பு, மூட்டுவலி இவற்றில் ஏதாவது ஒன்று அகப்படும். இவற்றில் சிலவற்றைச் சரிசெய்யலாம், சிலவற்றைத் தணிக்கலாம். அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் "இது கடைசி" என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று விஷயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போனில் பேசும்போதும் இவைதான் உதவும்.

உடல் வெப்பம்: மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரியான அளவு. வெயில் நேரத்தில் கொஞ்சம் கூடியிருக்கலாம். 100-க்குக் கீழே போனால் 104 காட்டுவதைவிடக் கவலைப்பட வேண்டும்.

வயிற்று அசைவு: இடது பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். கையை முஷ்டியாக மடக்கி அதில் மெல்ல அழுத்தி அப்படியே வைத்திருங்கள். உள்ளே இரைப்பை புரண்டு உங்கள் கையை வெளியே தள்ளுவது தெரியும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை தள்ளினால் வயிறு வேலை செய்கிறது. இரண்டு மூன்று நிமிடம் வைத்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் வயிறு நின்றிருக்கிறது.

கண் இமை: கீழ் இமையைக் கட்டைவிரலால் இறக்கி உள்பக்கச் சதையைப் பாருங்கள். சிவப்பாகவோ நல்ல இளஞ்சிவப்பாகவோ இருந்தால் ரத்தம் போதுமான அளவு இருக்கிறது. வெளிறி வெள்ளையாக இருந்தால் ரத்தசோகை. இதை வெயில் வெளிச்சத்தில் பாருங்கள், கொட்டில் இருட்டில் ஏமாந்துவிடுவோம்.

தழையை ஆசையாக வாங்குகிறது, ஆனால் தின்ன முடியவில்லை

இது பல். ஆட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டுப் பல் மட்டும்தான். நான்கு வயதுவாக்கில் எட்டும் நிலைப்பல்லாகிவிடும். அதற்குப் பிறகு தேய்வதும் இடைவெளி விழுவதும் ஒவ்வொன்றாக விழுவதும்தான். முன்பல் போன ஆடு மேய்ச்சலில் புல்லைக் கடித்து இழுக்க முடியாமல் திணறும். ஆனால் நறுக்கிப் போட்டால் தின்றுவிடும்.

கடைவாய்ப் பல்தான் பெரிய பிரச்சினை. அசைபோடும் ஆட்டின் எதிரே ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். தாடை ஒரே பக்கமாக அரைக்கிறதா, வாயோரம் பச்சை எச்சில் வழிகிறதா, பாதி மென்ற உருண்டை கீழே விழுகிறதா என்று பாருங்கள். கன்னத்தை வெளியிலிருந்து விரலால் தடவினால் கெட்டியாக ஒரு திரணை தட்டுப்படும். மெல்ல முடியாத தழை அங்கே அடைந்து கிடக்கும். அதை எடுக்க வாய்க்குள் விரலை விட்டுவிடாதீர்கள். தேய்ந்த கடைவாய்ப் பல்லின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், ஆழமாகவே வெட்டிவிடும். வெளியிலிருந்து கன்னத்தை முன்பக்கமாக நீவினால் பெரும்பாலும் தானே துப்பிவிடும். கூரான விளிம்பை அராவி எடுக்க மருத்துவர் வேண்டும்.

தீனியை மாற்றினாலே பல் போன ஆடு இன்னும் பல மாதம் ஓட்டும். அகத்தி, முருங்கை, வேலிமசால் போன்ற மெல்லிய இலைகளை ஈர்க்கு நீக்கி, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுங்கள். உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு இவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஒரே வேளையாக இல்லாமல் நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். பலா இலை என்றால் பல ஆடுகளுக்கு உயிர். எதையும் தொடாத ஆடுகூட அதை முகர்ந்து பார்க்கும். ஆனால் முற்றிய பலா இலையை மெல்லப் பல் வேண்டும், கொழுந்தாகப் பார்த்துப் பறியுங்கள்.

சோறு வேண்டாம். பாசத்தில் எல்லோரும் செய்வது இதுதான்: மெல்ல முடியவில்லை, பாவம் என்று ஒரு தட்டுச் சோறோ பொங்கலோ கஞ்சியோ வைத்துவிடுவார்கள். அது இரைப்பையில் புளித்து அமிலமாகி, மறுநாள் ஆடு தள்ளாடிப் படுத்துவிடும். இளம் ஆடே தாங்காது, வயதான ஆட்டுக்கு உயிர்ப் பிரச்சினை.

தீனிப் பக்கமே திரும்பவில்லை, அசையும் போடவில்லை

தெர்மாமீட்டர் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 104-க்கு மேல் என்றால் காய்ச்சல், உள்ளே எங்கோ தொற்று இருக்கிறது. மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல் மூன்றும் சேர்ந்து வந்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். மற்ற ஆடுகளிலிருந்து உடனே பிரித்துக் கட்டுங்கள். வெப்பம் சரியாக இருந்து வயிறு மட்டும் நின்றிருந்தால் முந்தின நாள் என்ன தின்றது என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். கல்யாண வீட்டு மிச்சம், தானியச் சாக்கு, பிளாஸ்டிக் பை என்று ஏதாவது ஒன்று வெளிவரும்.

வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றும் முறையில்தான் பல ஆடுகள் போய்விடுகின்றன. தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும், இரண்டு நாளில் நிமோனியா. ஆட்டின் மூக்கு அதன் கண் உயரத்தைத் தாண்டக் கூடாது. ஊசி கழற்றிய சிரிஞ்சை வாயின் ஓரத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ள பல்லில்லாத இடத்தில் செருகி, கொஞ்சம் விட்டு, அது விழுங்கியதைத் தொண்டையில் பார்த்துவிட்டு அப்புறம் அடுத்தது. தன் தலையைத் தானே தூக்கி வைத்துக்கொள்ள முடியாத ஆட்டுக்கு வாய்வழியாக எதுவுமே கொடுக்காதீர்கள்.

தின்கிறது, ஆனாலும் மெலிகிறது; தாடைக்கு அடியில் பை மாதிரி வீக்கம்

கண் இமையும் வெளிறியிருந்தால் குடற்புழு என்றே எடுத்துக்கொள்ளலாம். ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழு பெருகி, ரத்தத்தில் புரதம் குறைந்து, நீர் தாடைக்கு அடியில் தேங்குகிறது. வயதானால் புழுவைத் தாங்கும் சக்தி குறையும். அதே மேய்ச்சல் நிலத்தில் மற்ற ஆடுகள் நன்றாக இருக்க இது மட்டும் விழும். புது புழுக்கையைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கோ மாவட்டத்திலுள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோனால் பரிசோதித்துச் சொல்வார்கள். கடையில் ஏதோ ஒரு பூச்சிமருந்தைக் குத்துமதிப்பாக வாங்கி ஊற்றாதீர்கள். ஒரே மருந்தை வருடக்கணக்கில் கொடுத்த பட்டியில் புழு அதற்குப் பழகியிருக்கும்.

தாடைக்கு அடியிலோ காதுக்குப் பின்னாலோ வீக்கம் கெட்டியாக, உருண்டையாக இருந்தால் அது வேறு, சீழ்க்கட்டியாக இருக்கலாம். நீங்களாக உடைக்க வேண்டாம். அந்தச் சீழ் தரையில் விழுந்தால் மற்ற ஆடுகளுக்கும் பரவும்.

முன்னங்கால் முட்டி போட்டு மேய்கிறது, எழுந்திருக்க யோசிக்கிறது

குளம்பிலிருந்து தொடங்குங்கள். நடமாட்டம் குறைந்த ஆட்டுக்குக் குளம்பு தேயாது. வளர்ந்து உள்பக்கம் மடங்கி, அதற்குள் சாணியும் சேறும் அடைந்து அழுகும். மடங்கிய ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, இளஞ்சிவப்பு நிறம் தெரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். குளம்பைச் சரிசெய்த மறுநாளே நன்றாக நடக்கும் ஆடுகள் உண்டு.

குளம்பு சரியாக இருந்தும் முட்டி வீங்கி, மடக்கினால் கத்தினால் மூட்டுத் தேய்வு. இதற்கு வலிநிவாரணி வேண்டும். எந்த மருந்து என்பது இங்கே ரொம்ப முக்கியம். டைக்ளோஃபினாக் மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியாவில் 2006-லேயே தடை வந்தது. அந்த மருந்து ஏறிய உடலைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போனதுதான் காரணம். 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் தடை செய்தார்கள். இன்றைக்கும் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் ஊசியை வாங்கி ஆட்டுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீலகிரி, மாயாறு பக்கம் மிச்சமிருக்கும் கழுகுகளை நினைத்தாவது அதைச் செய்யாதீர்கள். மெலாக்சிகாம் கழுகுகளுக்குப் பாதுகாப்பானது, ஆட்டுக்கும் நன்றாகக் கேட்கிறது. எடை பார்த்து அளவு சொல்ல மருத்துவரைக் கேளுங்கள். தண்ணீர் குடிக்காமல் வற்றிப்போயிருக்கும் ஆட்டுக்கு இதைக் கொடுத்தால் சிறுநீரகம் அடிபடும். புழுக்கை வழக்கத்தைவிடத் தார் மாதிரி கறுத்துப் போனால் வயிற்றில் புண்ணாக இருக்கலாம், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எழுந்திருக்கவே இல்லை

பயப்பட வைக்கும் நிலை இதுதான். உங்கள் வேலை நிஜமாகத் தொடங்குவதும் இங்கேதான்.

பக்கவாட்டில் கால் நீட்டிப் படுக்க விடாதீர்கள். அப்படிப் படுத்தால் இரைப்பையில் சேரும் காற்று ஏப்பமாக வெளியேற வழியில்லை. சில மணி நேரத்தில் வயிறு உப்பி மூச்சை அடைத்துவிடும். ஆடு இயல்பாக அசைபோடும்போது உட்காருமே, நெஞ்சு தரையில் படிந்து கால்கள் அடியில் மடங்கி, அந்த நிலையில் உட்கார வையுங்கள். சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் வைக்கோல் திணித்த சாக்குகளை முட்டுக் கொடுங்கள். மணல் மூட்டை வேண்டாம், அது அழுத்திப் புண்ணாக்கும்.

அடியில் தென்னைநார்க் கழிவைக் கனமாகப் பரப்பி, மேலே வைக்கோல், அதன் மேல் துவைத்த சாக்கு. நார்க்கழிவு மூத்திரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்தப் பக்கத் தொடை அடியில் இருக்கிறதோ அதை மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்செலும்பு, முழங்கை, இடுப்பெலும்பு மூன்றையும் தடவிப் பாருங்கள். முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தால் படுக்கைப்புண் வரப்போகிறது. பின்பக்கம் நனைந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றி, தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

தூக்கி நிறுத்திப் பார்க்க ஒரு பழைய வேட்டி போதும். நீளவாக்கில் நான்காக மடித்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் பிடித்துத் தூக்குங்கள். பின்பக்கத்துக்கு இன்னொன்று. கிடாவாக இருந்தால் மூத்திரம் போகும் இடத்தை அது அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் நிற்கட்டும். நிற்கும்போது குளம்பைத் தரையில் ஊன்றப் பார்க்கிறதா, இல்லை கால்கள் துணி மாதிரி தொங்குகின்றனவா? ஊன்றினால் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை இதைச் செய்யலாம், பலன் உண்டு. தொங்கினால் வலிய நிறுத்தித் துன்பப்படுத்த வேண்டாம்.

காக்கையைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். எழ முடியாத ஆட்டின் கண்ணையும் புண்ணையும் காக்கை கொத்தும். பகலில் ஐந்து நிமிடம்கூடத் திறந்த வெளியில் தனியாக விடாதீர்கள். வலையோ கீற்றுத் தட்டியோ வைத்து மறையுங்கள். இரவில் தெருநாயும், எல்லா நேரமும் சிவப்பெறும்பும் அப்படித்தான். படுக்கை போடும் முன் சுற்றிலும் புற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அதைத் தனியறையில் போட்டுவிடாதீர்கள். தொற்றுநோய் இல்லை என்றால், கூட வளர்ந்த ஆடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கட்டும். கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆடு நோயைவிட அந்தத் தவிப்பிலேயே தீனியை விட்டுவிடும்.

இடது வயிறு உப்பி, தட்டினால் தமுக்கு மாதிரி ஒலிக்கிறது

நெஞ்சைக் கீழே வைத்து உட்கார வைத்து, முன்பக்கம் உயரமாக இருக்கும்படி ஏற்றி, இடது பக்கத்தை உருவி விடுங்கள். ஏப்பம் வந்தால் நல்லது. வராமல் மூச்சு வாங்கத் தொடங்கினால் நிமிடக் கணக்குதான், உடனே மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்குச் சொல்லலாம்.

கிடா முக்குகிறது, வாலை ஆட்டி ஆட்டிக் கத்துகிறது

மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மூத்திரம் போகிறதா என்று முதலில் பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வரவே இல்லை என்றாலோ கல்லடைப்பு. தவிடும் தானியமும் அதிகம் தின்ற, காயடித்த கிடாக்களுக்கு இது வரும். விட்டுவைத்தால் மூத்திரப்பை வெடித்துவிடும். காலைவரை காத்திருக்கிற விஷயமில்லை. வயிற்றை அழுத்தாதீர்கள்.

கழிச்சல், பின்பக்கம் ஈ மொய்க்கிறது

ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கரைத்து மேலே சொன்ன முறையில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பின்பக்க முடியைக் கத்தரித்துச் சுத்தமாக வையுங்கள். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். புழு வைத்த புண்ணில் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயோ சீத்தா இலை விழுதோ முதல் நாள் போட்டால் புழு வெளியே வரும். இடுக்கியால் எடுத்துவிட்டு, பிறகு வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயைத் தடவிவரலாம். கூட்டி அள்ளிய புழுவைக் கொட்டிலிலேயே கொட்டாதீர்கள்.

காது, கால், வாய் சில்லிட்டிருக்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது

வெப்பம் 100-க்குக் கீழே இருந்தால் முதலில் சூடேற்றுங்கள். சாக்குப் போர்வை, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் தொடை இடுக்கில், எட்டி நிற்கும் ஒரு குண்டு பல்பு. சில்லிட்ட உடம்பில் வயிறு வேலை செய்யாது, அதனால் சூடு வரும்வரை தீனி வேண்டாம்.

தீனி மெல்லாத நேரத்தில் பல்லைக் கடிப்பது வலியின் அடையாளம். காது தொங்கி, முதுகு கூனி, சுவரைப் பார்த்து நிற்பதும் அப்படித்தான். ஆடு இரையாகும் விலங்கு, வலியைக் கடைசிவரை மறைக்கும். வெளியே தெரிகிறது என்றால் உள்ளே நிறைய இருக்கிறது.

முடிவு எடுப்பதற்கு நான் நம்பும் அளவுகோல் அசைபோடுவது. எழ முடியாத ஆடாக இருந்தாலும், கண் தெரியாததாக இருந்தாலும், மதியம் கண்ணை அரைவாசி மூடி அசைபோடுகிறது என்றால் அதற்கு அன்றைய நாள் பொறுக்கக்கூடியதாக இருக்கிறது. நீங்கள் பாட்டுக்குக் கவனித்துக்கொள்ளலாம். வலிமருந்து கொடுத்தும் அசை நின்று, பிடித்த இலையை முகராமல், உங்கள் குரலுக்குக் காதைத் திருப்பாமல், பல்கடி தொடர்ந்தால் இழுத்துக்கொண்டு போவது அதற்காக இல்லை, நமக்காக. அப்போது மருத்துவரிடம் கருணைக் கொலை பற்றி நேரடியாகவே கேளுங்கள். சுற்றி வளைத்தால் அவரும் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போவார். உள்ளூரில் தயங்கினால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் கேட்டுப் பார்க்கலாம். முதலில் மயக்கம் கொடுத்து, பிறகு கழுத்து ரத்தக்குழாயில் மருந்தைக் கூடுதல் அளவில் செலுத்துவார்கள். வீட்டுக் கொட்டிலில், பழகிய இடத்தில் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

தானாகவே போகும் ஆடு என்றால் கடைசி மணி நேரங்களில் சில விஷயங்கள் உங்களைப் பதற வைக்கும். மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வரும். கால்கள் நீச்சலடிப்பதுபோல் உதறும். தலை பின்னால் வளையும். உயிர் போன பிறகும் ஒன்றிரண்டு தடவை வாயைத் திறந்து மூச்சிழுப்பதுபோல் இருக்கும், மூத்திரம் பிரியும், கண் திறந்தே இருக்கும். அந்தக் கட்டத்தில் இவற்றுக்குச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம்தான். ஊற்றாமல், உதட்டை மட்டும் ஈரத்துணியால் நனையுங்கள்; விழுங்க முடியாத தொண்டையில் பால் அடைத்துக்கொள்ளும். இடது முழங்கைக்குப் பின்னால் விலாவில் உள்ளங்கையை வைத்துத் துடிப்பு நின்றதை உறுதி செய்யுங்கள். கருவிழியை மெல்லத் தொட்டாலும் இமைக்காது.

இறந்த பிறகு

எந்த நோயும் தெரியாமல் திடீரென்று செத்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த ரத்தம் வந்திருந்தால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், தோல் உரிக்கவும் விடாதீர்கள். அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் வரும். கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

மற்றபடி கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, ஆறடி ஆழம் தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கருணைக் கொலை மருந்தால் போன ஆட்டை நாயோ கழுகோ தின்றால் அவையும் சாகலாம், ஆகவே மேலே கல் அடுக்குங்கள். யாராவது கறிக்குக் கேட்டால் மருந்து ஏறிய உடம்பு என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

புதைக்கும் முன் கூட இருந்த ஆட்டை அழைத்து வந்து முகர விடுங்கள். முகராமல் போனது இரண்டு மூன்று நாள் கத்திக்கொண்டு தேடித் திரியும். படுக்கை வைக்கோலை எரித்து, கொட்டில் தரையில் சுண்ணாம்பு தூவி வெயில் பட விடுங்கள். மிஞ்சியது ஒரே ஆடு என்றால் அதைத் தனியாக வைக்காதீர்கள். துள்ளி முட்டும் குட்டி வேண்டாம். அதன் வயதுக்கு ஒத்த, சாதுவான ஒரு பெட்டையாகப் பாருங்கள். முதலில் தட்டிக்கு இரு பக்கமும் கட்டி, ஒன்றையொன்று பார்த்துத் தீனி தின்னத் தொடங்கியதும் சேர்த்து விடலாம்.